சலவைக்கூடத்துக்கு வந்த ரொட்டிச் சீட்டு

"இருநூறு பன் வேணுமாம் உங்க வீட்டம்மாவுக்கு" என்று சம்சாரத்தின் தம்பி சொன்னபோது இஸ்திரிக்காரர் வண்டியிலிருந்து ஒரு காலைத்தான் கீழே ஊன்றியிருந்தார்.

வெளுத்த துணியை ஏற்றிக்கொண்டு போகத்தான் அவர் காலி வண்டியோடு வந்திருந்தார். ஆனால் தெரு திரும்பும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சலவைக்கூடத்துக் கூரைக்குழாயில் புகை இல்லை. சுவர் ஓரத்து ஓட்டை வழியாக எப்போதும் சீறிக்கொண்டிருக்கும் ஆவியும் இல்லை. வாய்க்கால் பக்கம் சுடுதண்ணீர் விழும் சத்தமும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், முந்தின நாள் சாயங்காலம் அவர் முதுகு ஒடிய இறக்கிப் போட்ட ஆஸ்பத்திரி மூட்டைகள், போட்டது போட்டபடி, வாய் கட்டியபடி, எண் எழுதிய தகடு தொங்கியபடி சுவரில் சாய்ந்து கிடந்தன.

"என்ன பன்னு மாப்ளே? துணி எங்கே?"

"துணியைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் சொல்லலையே. பன்னைப் பத்தித்தான் சொல்லியிருக்கு. நீங்களே பாருங்க."

தம்பி ஒரு கற்றைச் சீட்டை அவர் கையில் திணித்தான். எல்லாம் பிரிண்டரில் அடித்த சீட்டு. இஸ்திரிக்காரர் கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைத்து, மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தார். பன் இருநூறு. நீள ரொட்டி நாற்பது. எள் தூவியது தனியாக. நேற்று வந்தது கருகல், இன்று பார்த்துச் சுடவும்.

"பார்த்துச் சுடவுமாம்!" தம்பி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தான். "ராத்திரி வீட்டுக்குப் போறதுக்குள்ள நாலு சீட்டு. காலைல கதவைத் திறந்தா பிரிண்டர்லேர்ந்து நாக்கு மாதிரி தரை வரைக்கும் தொங்குது. ஒரு மனுஷனை எத்தனை தடவைதான் குத்துவாங்க மச்சான்? எள்ளு தூவணுமாம், எள்ளு!"

இஸ்திரிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொலைந்தது என்று வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

இந்த ரொட்டிப் பேச்சுக்கு ஒரு கதை உண்டு. இஸ்திரிக்காரரின் சம்சாரத்தை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். கடைத்தெருவில் துணி வாங்கும் கடை அவள் பொறுப்பு. ஊர்க் கோடியில் வாய்க்கால் ஓரம் இருக்கும் இந்தச் சலவைக்கூடம் அவள் தம்பி பொறுப்பு. நடுவில் வண்டி ஓட்டுவதும், மூட்டை தூக்குவதும், மிச்ச நேரத்தில் நின்றுகொண்டே இஸ்திரி போடுவதும் இவர் பொறுப்பு. போன வருஷம் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் ஒரு அடுக்கு முழுக்கச் சூடு தாங்காமல் பழுத்துப்போயின. மெல்லிய துணி, சூடு குறைத்து வை என்று போனில் சொன்னேன் என்றாள் அக்கா. சொல்லவே இல்லை என்றான் தம்பி. வேலையாட்கள் எல்லாரும் பார்க்க அக்கா வாயை விட்டாள்: "உனக்குச் சலவை எல்லாம் சரிப்படாதுடா. போய் ரொட்டி சுடு. அதுவாவது கருகாம வருதான்னு பார்ப்போம்." தம்பி கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான்.

அதற்குப் பிறகு போன் அடித்தால் இவள் எடுக்க மாட்டாள், அவன் எடுக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் இஸ்திரிக்காரர்தான். எந்த மூட்டை எந்த வார்டு, எதைக் கொதிநீரில் போட வேண்டும், எதை மருந்து ஊற்றித் தனியாக அலச வேண்டும் என்று இவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவார். தம்பி அதையும் ஒருநாள் தூக்கி எறிந்தான். "கையெழுத்துச் சீட்டெல்லாம் வேணாம் மச்சான். நாளைக்கு நான் சொல்லலைன்னு அந்தம்மா சொல்லும். அடிச்ச எழுத்தா வரட்டும். அடிச்ச சீட்டு இல்லாம இங்க ஒரு மூட்டை வாய் அவிழாது." அதில் நியாயமும் இருந்தது. மூட்டைக்கு வெளியே எண் மட்டும்தான். உள்ளே இருப்பது சாதாரண வார்டுப் போர்வையா, தொற்று வார்டுத் துணியா, ஆப்பரேஷன் தியேட்டர் பச்சைத் துணியா என்று சீட்டுதான் சொல்லும். மாற்றி அவிழ்த்தால் கை வைத்தவனுக்கும் ஆபத்து, மற்ற துணிக்கும் ஆபத்து.

அப்படித்தான் அந்த லைன் வந்தது. டெலிபோன் கம்பெனியிலிருந்து மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு ஆள் வந்து, கடை மேஜையில் இரண்டு பேனாவை வைத்து விளக்கினான். "இது வி.பி.என். இந்தப் பேனா உங்க கடை, இது உங்க சலவைக்கூடம். நடுவுல இருக்கறது எங்க கம்பெனி ரோடு. அதுல பேங்கும் போகும், மில்லும் போகும், பத்துக் கடைக்காரங்களும் போவாங்க. ஆனா உங்களுக்குன்னு உள்ளுக்குள்ள ஒரு தனிப் பாதை போட்டுக் குடுத்துடுவோம். உங்க ரெண்டு இடத்துக்கு மட்டும். வெளியார் யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது." நோயாளிகள் வார்டு விவரம் ஊர்ப் பொது வழியில் போகக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். இஸ்திரிக்காரருக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல், இவரை நடுவில் போட்டு அரைக்காமல் வேலை நடக்க ஒரு வழி என்றால், அது தரைக்குக் கீழே போனால் என்ன, வானத்தில் போனால் என்ன என்று உடனே தலையாட்டினார். அவள் கடையில் தட்டுவாள். இங்கே சீட்டு விழும். இவன் இங்கே ஒரு பொத்தானை அமுக்குவான். அங்கே 'சரி' என்று விழும். ஒரு வருஷமாக அக்காள் தம்பி உறவு அந்த 'சரி'யில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, உங்கக்கா எதுக்கு வேலை கெட்டுப் பன்னு கேக்கப்போறா? யோசிச்சுப் பாருய்யா."

"எதுக்கா? என்னைக் குத்த. வேற எதுக்கு?"

இஸ்திரிக்காரர் கடைக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே இவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, உங்க மாப்ளே உயிரோட இருக்கானா? நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஒரு மூட்டைக்குக்கூட 'சரி' வரலை. நானும் திருப்பித் திருப்பி அனுப்புறேன். துரைக்குப் பொத்தானை அமுக்க விரல் வலிக்குதா?"

"ஏம்மா, நீ ரொட்டி ஏதாச்சும் எழுதி அனுப்புனியா?"

"என்னது?"

"ரொட்டி. பன்னு. எள்ளு தூவி."

"காலைல சாப்பிடாம போனீங்களா?" என்று அக்கா கேட்டாள். குரலில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இங்க உன் சீட்டு வரலை. ரொட்டிச் சீட்டுதான் வருது."

"அப்படின்னு அவன் சொன்னானா? நீங்க நம்பிட்டீங்களா? வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு. தியேட்டர்த் துணி சாயங்காலத்துக்குள்ள போகணும்னு சொல்லுங்க அவன்கிட்ட. அந்த மேற்பார்வை அம்மா இப்பத்தான் போன் பண்ணுச்சு. நாளைக்கு ஆப்பரேஷன் வரிசையா இருக்காம். துணி வரலைன்னா இனிமே பெரிய ஃபாக்டரிக்கே குடுத்துடுவோம்னு பட்டுன்னு சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரித் துணி போச்சுன்னா நாம மூணு பேரும் பாய்லரைப் பார்த்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

"இதை நீயே அவன்கிட்ட சொல்லேன்மா. இதோ பக்கத்துலதான் இருக்கான்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. தம்பியும் அதற்குள் எழுந்து போய், ஓடாத பாய்லருக்குப் பின்னால் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

டெலிபோன் கம்பெனிக்குப் போன் போட்டார். முதலில் பாட்டு வந்தது. பிறகு, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொன்னது. முக்கியம் என்று சொல்லிச் சொல்லியே கையில் இருந்த டீ ஆறிப்போகும் வரை நிற்கவைத்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"சார், உங்க ரெண்டு இடமும் எங்க ஸ்கிரீன்ல பச்சையா இருக்கு."

"பச்சையா இருந்தா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்."

"இங்க துணியெல்லாம் அழுக்கா இருக்கேம்மா."

"லைன்ல குறை எதுவும் இல்ல சார்."

"லைன்ல ரொட்டி வருதும்மா."

அவள் அதை எங்கோ தட்டுவது கேட்டது. "ரொட்டி" என்று தட்டினாளோ என்னவோ. "சார், நீங்க தனிப் பாதை எடுத்திருக்கீங்க. வேற யாரோட தகவலும் உங்களுக்கு வர வாய்ப்பே இல்ல. அதுக்காகத்தான் வி.பி.என். உங்க ஆளுங்க யாராவது விளையாடுறாங்களான்னு பாருங்க."

"அதையேதான் அவனும் சொல்றான்" என்றார் இஸ்திரிக்காரர். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, சுவரில் இருந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார். அதில் விளக்குகள் எல்லாம் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றி வாய்க்காலில் போட்டால் என்ன என்று இருந்தது.

அப்போதுதான் சீட்டின் தலைப்பில் பொடி எழுத்தில் 'சந்தை முனைக் கிளை' என்று இருந்ததைக் கவனித்தார். சந்தை முனையில் ஒரு ரொட்டிக்கடை இருப்பது அவருக்குத் தெரியும். போகும் வழிதானே என்று வண்டியை அங்கே விட்டார்.

கடையில் கண்ணாடி அலமாரிகள் காலியாகக் கிடந்தன. மூலையில் நேற்றைய ரொட்டி இரண்டு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றன. கல்லாவில் இருந்த அம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். "அனுப்பினேன்கிறேன்! நாலு தடவை அனுப்பினேன்! உங்க அடுப்படிக்கு வரலைன்னா நான் என்ன பண்றது? நான் நடந்து வந்து காதுல சொல்லணுமா?" போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தாள். "ரொட்டி இல்ல. பன்னும் இல்ல. கேக்காதீங்க."

"வாங்க வரலைம்மா. குடுக்க வந்தேன்." அவர் சீட்டுகளை நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது. "இது எங்க ஆர்டர்! இது எப்படி உங்க கையில வந்துச்சு? யாருங்க நீங்க? எங்க அடுப்படியில வேலை பார்க்கறீங்களா?"

"நான் இஸ்திரி போடுறவன்மா."

"இஸ்திரி போடுறவருக்கு எங்க ஆர்டர் எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டு வர்றேன். காலைலேர்ந்து எனக்கு யாரும் பதில் சொல்லலை."

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பிளந்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே" என்றாள். அவர்களுக்கும் அதே கம்பெனியில்தான் அதே மாதிரி லைன். ஊர் முழுக்க ஆறேழு கிளை, ஒரே அடுப்படி, நடுவில் தனிப் பாதை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து சில கிளைகளின் சீட்டு ஒழுங்காகப் போகிறது, சில கிளைகளின் சீட்டு காணாமல் போகிறது. அடுப்படிக்காரரும் இவளும் ஒருவரை ஒருவர் தின்னாத குறை.

இருவருமாகச் சேர்ந்து கம்பெனிக்குப் போன் போட்டார்கள். இந்த முறை ஒரு ஆண் குரல்.

"மேடம், இன்னொரு கஸ்டமர் லைனைப் பத்தி உங்ககிட்ட நாங்க பேச முடியாது. அவங்க தனி, நீங்க தனி. ரகசியம் காக்கணும்."

"அந்த இன்னொரு கஸ்டமர் என் கடையில ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு" என்றாள் ரொட்டிக்கடை அம்மா.

"அவர்கிட்ட குடுங்க."

இஸ்திரிக்காரர் வாங்கினார். "ஐயா, சொல்லுங்க."

"சார், அவங்க லைனைப் பத்தி உங்ககிட்டயும் நாங்க பேச முடியாது."

"அப்ப யார்கிட்டதான் பேசுவீங்க? பன்கிட்டயா?"

ரொட்டிக்கடை அம்மா போனைப் பிடுங்கினாள். அவள் பேசியது சந்தைக்குப் போகிறவர்களை நின்று கேட்க வைத்தது. நடுவில் ஓரிரு வார்த்தைகளை இஸ்திரிக்காரர் அதற்கு முன் கேட்டதே இல்லை. கடைசியில், ஆள் அனுப்புகிறோம் என்று அந்தப் பக்கம் ஒப்புக்கொண்டது. எப்போது என்று கேட்டதற்கு, இன்று என்றது. இன்று எப்போது என்றதற்கு, மீண்டும் பாட்டு வந்தது.

அவர் கடைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டாள். தம்பி சொன்னது பொய் இல்லை என்பது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"சரி, ரொட்டிச் சீட்டு வந்துச்சு. வந்தா என்ன? எனக்கு ஒரு போன் போட்டு, இந்த மாதிரி வருதுன்னு சொல்ல வாய் இல்லையா அவனுக்கு?"

"உனக்கும் 'சரி' வரலையே. நீ போட்டியா?"

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரி மேற்பார்வை அம்மா. அக்கா எழுந்து நின்றுகொண்டு பேசினாள். "வந்துடும்மா. சாயங்காலம் வந்துடும்மா. இல்லம்மா, ஓடிக்கிட்டிருக்கு, பாய்லர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு." பேசிவிட்டுப் போனை வைத்தபோது உள்ளங்கை ஈரம் மேஜைக் கண்ணாடியில் அப்படியே பதிந்திருந்தது.

"இந்தச் சீட்டையெல்லாம் நான் எழுதிக் குடுக்கறேன், கொண்டுபோய்க் குடுங்க."

"கையெழுத்துச் சீட்டுக்கு மூட்டை அவிழாது. தெரியும்ல?"

"அப்ப அந்த லைன்காரன் வர்ற வரைக்கும்?"

"அதுவரைக்கும் உன் தம்பி மூட்டை மேல உக்காந்திருப்பான். நீ இங்க உக்காந்திருப்ப. நான் ரோட்டுல நாய் மாதிரி ஓடிக்கிட்டிருப்பேன்." இஸ்திரிக்காரருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "எந்த மூட்டையில எது இருக்குன்னு எண்ணைப் பார்த்தே சொல்றவ நீ. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. கேக்க வேண்டியவன் ஒரே ஒரு ஆள். அதுக்கு ஒரு கம்பெனி, ஒரு பாதை, ஒரு பெட்டி, பச்சை விளக்கு! வந்தா வா, வராட்டி போ."

அவர் வண்டியைக் கிளப்பினார். கிளப்பினவர் முன்னே ஓட்டாமல் சும்மா உறுமவிட்டுக்கொண்டு நின்றார். அக்கா கடையைப் பூட்டினாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறி, மூட்டை ஏற்றும் பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

சலவைக்கூடத்துக்குள் அவள் நுழைந்ததும் வேலையாட்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். தம்பி எழுந்திருக்கவில்லை. மூட்டை மேலேயே உட்கார்ந்து, கூரையைப் பார்த்தான்.

அக்கா மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, சொல்லுங்க அவன்கிட்ட. அவன் உக்காந்திருக்கறது தொற்று வார்டு மூட்டை. எழுந்திரிக்கச் சொல்லுங்க."

தம்பி சூடு பட்டவன் மாதிரி எழுந்தான். "அடிச்ச சீட்டு எங்கேன்னு கேளுங்க மச்சான்."

"நானேதான் சீட்டுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கையுறையை மாட்டினாள். "இது தியேட்டர். இது தியேட்டர். இது மூணும் சாதாரண வார்டு. அது தனி." சொல்லிக்கொண்டே முதல் மூட்டையின் முடிச்சில் கை வைத்து இழுத்தாள். ஈரம் ஊறி இறுகிய முடிச்சு வரவில்லை. இழுக்கிறாள், இழுக்கிறாள், வரவில்லை. தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு "இப்படி இழுத்தா இறுகத்தான் செய்யும்னு சொல்லுங்க மச்சான்" என்றபடி குனிந்து, இரண்டு விரலால் ஒரு வளையத்தைத் தளர்த்தினான். முடிச்சு பொலபொலவென்று அவிழ்ந்தது. பச்சைத் துணிகள் தரையில் சரிந்தன.

பாய்லர் பற்றியது. கொஞ்ச நேரத்தில் குழாய்கள் டக் டக்கென்று தட்டிக்கொண்டு சூடேறின. ஆவி கிளம்பி எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாமல் மூடியது. கொதிநீரில் போட்ட பச்சைத் துணி ஒவ்வொன்றும் ஈரத்தில் ஆள் கனம் கனத்தது. மூங்கில் கழியால் தூக்கிப் பிழியும் மெஷினில் போட வேண்டும். மெஷின் நின்றதும் முறுக்கிக்கொண்டு கிடப்பதைப் பிரித்து எடுத்து, உலர்த்தும் உருளைக்குக் கொடுக்க வேண்டும். தோளும் இடுப்பும் விட்டுப்போகும் வேலை. அந்த வேலைக்கு நடுவிலும் பேச்சு மட்டும் சுற்றுவழியிலேயே போனது.

"மருந்து அதிகம்னு சொல்லுங்க."

"அளவாத்தான் ஊத்தினேன்னு சொல்லுங்க."

"மூக்கு எரியுதுன்னு சொல்லுங்க."

"எரிஞ்சா வெளியில போய் நிக்கச் சொல்லுங்க."

இஸ்திரிக்காரர் முதலில் ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். பிறகு தலையை மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினார். அப்புறம் அதையும் விட்டுவிட்டார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் செய்தி போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவரை நடுவில் இழுக்காமல் ஒரு வாக்கியம்கூட இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. மத்தியானம் வேலைக்காரப் பெண் வாங்கிவந்த டீயும் அவித்த முட்டையும்கூட, "எடுத்துக்கச் சொல்லுங்க", "முதல்ல அவங்களை எடுத்துக்கச் சொல்லுங்க" என்று அவர் வழியாகத்தான் கை மாறின.

வெயில் சாயும் நேரத்தில் லைன்காரர் வந்தார். தோளில் ஏணி, இடுப்பில் சாமான் பை, முகம் முழுக்கத் தூசி. பெட்டியில் தன் கருவியைச் சொருகிப் பார்த்தார், எங்கோ போன் பேசினார், பேசப் பேச அவர் குரலும் ஏறியது. பிறகு ஒரு மூட்டை மேல் உட்காரப் போனார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "அங்க வேணாம்!" என்று கத்த, ஏணி மேலேயே உட்கார்ந்தார்.

"நேத்து சாயங்காலம் இந்தப் பக்கத்து லைனையெல்லாம் பழைய மெஷின்லேர்ந்து புது மெஷினுக்கு மாத்தினாங்க சார். எங்க மெஷின்ல ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு தனித் தெரு. தெருவுக்குத் தெரு சுவர். உங்க தெருவுல அஞ்சாம் நம்பர் வீடு இந்தப் பிரிண்டர். ரொட்டிக்காரங்க தெருவுலயும் அஞ்சாம் நம்பர் வீடு அவங்க அடுப்படிப் பிரிண்டர். தெரு வேற வேறங்கறதால நம்பர் ஒண்ணா இருந்தாலும் குழப்பம் இல்ல. மாத்தி எழுதினவங்க உங்க வீட்டை மட்டும் தூக்கி ரொட்டிக்காரங்க தெருவுல வெச்சுட்டாங்க. இப்ப அந்தத் தெருவுல ரெண்டு அஞ்சாம் நம்பர். எந்தக் கிளைக்கு எந்த வீடு கிட்ட இருக்கோ, அங்க அந்தச் சீட்டு விழுது. உங்க கடை பழைய தெருவுலயே தனியா நின்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கு. கூப்பிட்டா கேக்காது. சுவர் நல்லா கனமான சுவர்."

"ஸ்கிரீன்ல பச்சையா இருக்குன்னாங்களே?"

"விளக்கு எரியுதான்னுதான் அவங்களுக்குத் தெரியும். யார் வீட்டுல எரியுதுன்னு தெரியாது." லைன்காரர் நெற்றியைத் துடைத்தார். "ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு வரி தப்பாத் தட்டுவாரு. அதுக்கு நான் ஊரெல்லாம் ஏணி தூக்கணும். காலைலேர்ந்து சாப்பிடலை சார், போற இடமெல்லாம் என்னைத்தான் திட்டுறாங்க. அந்த ரொட்டிக்கடை அம்மா இருக்கே..."

"தெரியும்" என்றார் இஸ்திரிக்காரர். மிச்சம் இருந்த முட்டையை எடுத்துக் கொடுத்தார்.

லைன்காரர் ஆபீஸில் சொல்லி மாற்றச் சொன்னார். மாற்றியதும் கடைப் பக்கத்திலிருந்து அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று அக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, ஏணியோடு புறப்பட்டுப் போனார்.

தியேட்டர்த் துணி முக்கால்வாசி மடித்தாகிவிட்டது. வேலையாட்கள் கட்டிய கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பச்சை விரிப்புகளை அக்காவும் தம்பியும் மடித்தார்கள். பெரிய விரிப்பு. இரண்டு பேர் இல்லாமல் முடியாது. இரண்டு முனையை அவள் பிடிக்க, இரண்டு முனையை இவன் பிடிக்க, உதறி, நீள வாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இருவர் விரல்களும் உரசின. இருவரும் விரிப்பைத்தான் பார்த்தார்கள்.

இஸ்திரிக்காரர் போன் அடித்தது. லைன்காரர்.

"சார், கடையில இருக்கேன். மாத்தியாச்சு. சோதனைக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கேன். வந்துச்சா பாருங்க."

மூலையில் பிரிண்டர் கரகரவென்று உயிர் பெற்றது. தம்பி விரிப்பின் முனையை விடாமல், ஒரு கையை நீட்டிச் சீட்டைக் கிழித்தான்.

"வந்துச்சுன்னு சொல்லுங்க மச்சான்."

"எழுத்தெல்லாம் முழுசா இருக்கான்னு கேளுங்க" என்றாள் அக்கா, அதே விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு.

"முழுசா இருக்குன்னு சொல்லுங்க."

"அப்ப நாளைலேர்ந்து சீட்டுலயே அனுப்பிடறேன்னு சொல்லுங்க."

"அனுப்பச் சொல்லுங்க. 'சரி' போட்டுடறேன்னு சொல்லுங்க."

இஸ்திரிக்காரர் இருவரையும் பார்த்தார். நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. அவருக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன.

"தம்பி" என்றார் போனில் லைன்காரரிடம். "நீங்க புள்ளகுட்டியோட நல்லா இருப்பீங்க. மாத்தினீங்கல்ல, அதை மறுபடியும் ரொட்டிக்காரங்க தெருவுலயே கொண்டுபோய் வெச்சுடுங்க."

"சார்?"

"எங்களுக்கு இந்தத் தனிப் பாதை வேணாம். பிடுங்கிடுங்க. எத்தனை பன் கேட்டாலும் நான் சுட்டுத் தர்றேன். எள்ளு தூவியே தர்றேன்."

அக்கா விரிப்பை விட்டாள். "என்னங்க பேசுறீங்க? மூளை கலங்கிப்போச்சா? நாளைக்கு மூட்டை எப்படிப் போகும்?" எரிச்சல் தாளாமல் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், கேட்டியாடா இவர் பேசுறதை?"

"கேட்டுக்கிட்டுத்தானேக்கா நிக்கறேன்! காலைலேர்ந்தே இப்படித்தான். நான் இங்க மானம் போகுதேன்னு கத்துறேன், இவரு இருமுற மாதிரி சிரிக்கிறாரு."

"இருமுவாரு, இருமுவாரு. வீட்டுலயும் அதேதான். நாலு நாளா வலது டயர்ல காத்து இல்லைங்கறேன், காதுலயே விழல."

"மூட்டையை எங்க இறக்குறாரு தெரியுமா? வாய்க்கால் ஓரத்துல. ஈரம் ஏறி முடிச்செல்லாம் இரும்பு மாதிரி."

"அதான் எனக்கு அவிழலையா? நீ ஏன்டா சொல்லலை?"

"யார்கிட்டக்கா சொல்றது?"

"ஏன், எனக்குக் காது இல்லையா?"

"உனக்குக் காது இருந்தா அன்னைக்கு அந்தக் கோட்டு விஷயத்துல..."

"ஆரம்பிக்காதடா. கோட்டைப் பத்தி ஆரம்பிச்சே, இந்தக் கழியாலயே போடுவேன்."

"போடு. போடேன். சூட்டைக் குறைன்னு நீ சொல்லவே இல்ல, நான் எங்க வேணாலும் வந்து சொல்வேன்."

"சொன்னேன்டா! இந்த வாயால சொன்னேன்!"

சத்தம் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. வண்டியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்கள். தரையில் விழப்போன விரிப்பை இஸ்திரிக்காரர் எட்டிப் பிடித்து, தோளில் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்தார்.

"சார்? சார், அங்க என்ன ஒரே சத்தமா இருக்கு? லைன் சரியா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு தம்பி" என்றார் அவர். "இப்படியே விட்டுடுங்க. யாரும் கை வைக்காதீங்க."